குரங்கு கெடுத்த தெரிவு

இலங்கை மின்சார சபையின் பெரியோர்களுக்கு,

2024ஆம் ஆண்டுச் சட்டம் உங்களைக் கூறுபோடச் சொல்லியிருக்கிறது. இந்தக் கடிதம் எந்தக் கூறின் மேசைக்குப் போனாலும் சரி.

மாத்தளை மாவட்டத்து உக்குவளைப் பிள்ளை ஒருத்தி பேராதனைப் பொறியியல் பீடத்தில் முதலாம் வருடம். அது முடிந்ததும் சிவிலா, மெக்கானிக்கலா, எலெக்ட்ரிக்கலா, கெமிக்கலா என்று தெரிவுசெய்ய வேண்டும். 2030இல் 70 சதவீத மின்சாரம் புதுப்பிக்கத்தக்கது என்று அரசாங்கம் சொல்லிவைத்ததை நம்பி, அந்த வேலைக்குத்தான் போவேன் என்கிறாள். அவளைக் குழப்பியது நீங்கள்.

2025 பெப்ரவரி 9, ஞாயிறு. முற்பகல் 11 மணி தாண்டியதும் நாடு முழுக்கக் கரண்ட் போனது. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு புகுந்தது என்றார் அமைச்சர். குரும்பையைக்கூட விட்டுவைக்காத சாதியை மாத்தளைக்குத் தெரியாதா? ஆனாலும் அவளுடைய அம்மாயி கேட்டார்: “ஒரு மரத்துல குரங்கு ஏறினா தோப்பே சாயுமா?”

சாய்ந்த காரணத்தையும் பிறகு நீங்களே சொன்னீர்கள். ஞாயிறு பகலில் பாவனை குறைவு, வெயில் அதிகம், சுழலும் இயந்திரங்கள் போதவில்லை. கனத்த சில்லு ஓர் இடி வாங்கினாலும் சட்டென்று நிற்காது. சோலர் தகட்டில் சுற்றுவதற்கு ஒன்றுமில்லை. சுற்றுவது அவள் ஊரிலேயே இருக்கிறது. பொல்கொல்லையில் திருப்பிய மகாவலி, ஏறத்தாழ 8 கிலோமீற்றர் சுரங்கத்தால் வந்து, உக்குவளையில் 40 மெகாவோற் நிலையத்தைச் சுற்றிவிட்டுச் சுது கங்கையில் விழுகிறது. 1976 முதல் இதே வேலை. கீழே போவத்தென்னையில் இன்னொரு 40, மொரகஹகந்தையில் 25. ஒரே மாவட்டத்தில் தண்ணீருக்கு மூன்று உத்தியோகம் கொடுத்தவர்கள் பிள்ளைக்கு ஒன்று கொடுக்கமாட்டீர்களா?

ஏப்ரலில் இன்னொரு குண்டு. புத்தாண்டு விடுமுறையில், 13 முதல் 21 வரை, பிற்பகல் 3 மணிவரை கூரைச் சோலரை அணைத்துவையுங்கள் என்றீர்கள். சித்திரை வெயில் கொளுத்துகிறது, சுவிட்சை மட்டும் நிறுத்து! கடன்பட்டுத் தகடு போட்டவர்கள் அதன்மேல் மிளகு காயவைக்கலாமா என்று ஊரில் பேச்சு.

ஆக, தகடு செய்யத் தெரிந்தவரைவிட, வந்த கரண்டைத் தாங்கவும் சேமிக்கவும் தெரிந்தவருக்கே வேலை அதிகம் என்று பிள்ளைக்குப் பட்டிருக்கிறது. மின்தொகுதிப் பாடம் எலெக்ட்ரிக்கலில். பற்றரிக்குள் நடப்பது கெமிக்கலில். குரங்குக்கு வேலி கட்டுவது சிவிலில். மிருக வைத்தியப் பீடமும் பேராதனையிலேயே இருப்பது அவளுக்குக் கூடுதல் வசதி.

இப்போதைக்கு “எலெக்ட்ரிக்கல்” என்று பென்சிலால் எழுதிவைத்திருக்கிறாள். 3 மணிக்கு முந்திய வெயிலைச் சேர்த்துவைக்கும் பெரிய பற்றரிகள் எந்த வருடம், எந்த ஊருக்கு என்று ஒரு வரி எழுதிப் போட்டீர்களானால், பேனாவை எடுப்பாள்.

இப்படிக்கு,
உக்குவளைப் பாவனையாளர் ஒருவர்