உளி தீட்டும் பள்ளி

மூன்று மாத விடுப்பு எடுத்துத் தச்சுவேலைத் தீவிரப் பயிற்சியில் சேரப்போகிறேன். முதல் வாரமே நாற்காலி செய்யலாமா? (ஐ.டி. ஊழியர், சோழிங்கநல்லூர்)

முதல் வாரம் சாணைக்கல்லோடுதான் குடித்தனம். உளியின் சரிவை ஏறக்குறைய 25 டிகிரியில் தேய்த்து, நுனியை 30 டிகிரியில் தீட்ட வேண்டும். முன்கை மயிரை வழித்தால் தேர்ச்சி! கூரான உளியைவிட மழுங்கல் உளிதான் ஆபத்து. அது வெட்டாது; நீங்கள் அழுத்துவீர்கள்; அது வழுக்கும்; எதிரே இருப்பது உங்கள் இடது கை. தீட்டுவதற்கு நாள் ஒதுக்காத பயிற்சியில் பணம் கட்டாதீர்கள்.

யூடியூப் போதாதா? (மாணவர், கரூர்)

இழைப்புளி நாரோட்டத்துக்கு எதிராகப் போனால் திக்கும், பிய்க்கும். அந்தத் திக்கல் வீடியோவில் வராது, கையில்தான் வரும். அந்த நொடியில் பக்கத்தில் நின்று, "பலகையைத் திருப்பிப் போட்டு இழைப்பா" என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். பயிற்சிக் கட்டணம் அந்த ஆளுக்குத்தான்.

வெளிநாட்டில் எப்படிச் சொல்லித் தருகிறார்கள்? (ஆசிரியை, மதுரை)

கலிபோர்னியாவின் ஃபோர்ட் பிராக் ஊரில் 1981இல் ஜேம்ஸ் க்ரெனாவ் தொடங்கிய பள்ளியைச் சொல்வேன். அவர் ஸ்வீடனில் கார்ல் மால்ம்ஸ்டெனிடம் படித்தவர். ஒன்பது மாதப் படிப்பு. அங்கே மாணவர்கள் தங்கள் இழைப்புளியைத் தாங்களே மரத்தில் செய்துகொள்கிறார்கள். கருவியைச் செய்தவனுக்கு அது ஏன் மக்கர் பண்ணுகிறது என்பதும் தெரிந்துவிடும். எனக்கு மிகப் பிடித்த பாடத்திட்டம் இது.

எனக்கு வயது 37. தாமதமோ? (கணக்காளர், திருச்சி)

ஜார்ஜ் நகஷிமா 1905இல் பிறந்த கட்டடக் கலைஞர். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதிக் கட்டுமானத்தில் வேலை பார்த்தவர். 1942இல் அமெரிக்கா ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைத்தபோது அவரும் அடைபட்டார். அந்த முகாமில், கிடைத்த துண்டு மரங்களை வைத்து, கெந்தாரோ ஹிகோகாவா என்ற தச்சரிடம் ஜப்பானிய மூட்டு வேலையைக் கற்றார். கணக்குப் போடுங்கள், உங்கள் வயதுதான் வரும்.

மழைக்காலம் வந்தால் மேசை இழுப்பறை இறுகிக்கொள்கிறது. பயிற்சியில் இதற்கு வழி சொல்வார்களா? (இல்லத்தரசி, நாகர்கோவில்)

அதுதான் பாடத்தின் உயிர்நாடி. ஈரம் குடித்தால் மரம் அகலவாக்கில் விரியும், காய்ந்தால் சுருங்கும்; நீளவாக்கில் அனேகமாக அசையாது. அதனால்தான் நல்ல கதவில் சட்டத்துக்குள் காடி எடுத்து, பலகையைப் பசையில்லாமல் சொருகுகிறார்கள். உங்கள் இழுப்பறையைத் தை மாதம் வரை தொடாதீர்கள். மழையில் இழைத்துத் தள்ளினால் கோடையில் லொடலொடக்கும்.

செலவு குறைவாகக் கற்க? (வாசகர், செங்கோட்டை)

ஐ.டி.ஐ.யில் தச்சர் பிரிவு இருக்கிறது, ஓராண்டுப் படிப்பு. முடித்ததும் உள்ளூர் ஆசாரியார் ஒருவரிடம் கொஞ்ச காலம் கூடமாட வேலை செய்யுங்கள். அவர் மரத்தைத் தட்டிப் பார்த்தே தேர்ந்தெடுப்பார். அப்போது அருகில் நில்லுங்கள்.

பயிற்சி முடிந்ததும் முதலில் என்ன செய்வது? (சோழிங்கநல்லூர்க்காரர் மறுபடியும்)

உட்காரும் மணை. ஒரு பலகை, அடியில் இரண்டு குறுக்குக்கட்டை. கட்டையைப் பசை போட்டு முழு நீளத்துக்கும் இறுக்கினால், பலகை அசைய இடமின்றி வெடிக்கக்கூடும். நடுவில் மட்டும் இறுக்கி, ஓரத் திருகுகளுக்கு நீள்துளை போடுங்கள். நாற்காலி அதற்கப்புறம்.