ரிப்போர்ட் எங்கே?

நைஜீரியாவில் குண்டடி பட்டால் முதலில் ஓட வேண்டிய இடம் ஆஸ்பத்திரி என்று நினைக்கிறீர்களா? பிழைக்கத் தெரியாதவர் நீங்கள். முதலில் போலீஸ் ஸ்டேஷன். வயிற்றில் தோட்டா இருந்தாலும் கையில் ரிப்போர்ட் இருக்க வேண்டும்.

லாகோஸில் நடுராத்திரி. மஞ்சள் டான்ஃபோ வேனின் பின்சீட்டில் ஒருவனைக் கிடத்திக் கொண்டுவருகிறார்கள். சுட்டது கொள்ளைக்காரனா, சோதனைச்சாவடிப் போலீஸ்காரரா, அவனுக்குத்தான் தெரியும். அவனோ பேசும் நிலையில் இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் ஜெனரேட்டர் உறுமுகிறது. நர்ஸ் காயத்தைப் பார்க்குமுன் கூட வந்தவர்களின் கையைப் பார்க்கிறார். போலீஸ் ரிப்போர்ட்? இல்லை. டெபாசிட்? அதுவும் இல்லை. வேன் திரும்புகிறது. சுட்டவரே போலீஸ்காரர் என்றால், "ஐயா, நீங்கள் சுட்டது நிஜம்தான் என்று ஒரு தாள் எழுதிக் கொடுங்கள்" என்று அவர் மேஜை முன்னாலேயே போய் நிற்க வேண்டும்.

இந்த வியாதிக்கு மூலம் 1984. கொள்ளையை ஒடுக்குகிறேன் என்று ராணுவ ஆட்சி ஓர் ஆணை போட்டது. குண்டுக் காயத்தோடு வருபவனைச் சேர்த்தால் உடனே போலீஸுக்குச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் தண்டனை. கவனியுங்கள், சொல் என்றுதான் ஆணை கேட்டது. சாகவிடு என்று அதில் ஒரு வரியும் இல்லை. ஆனால், காப்பாற்றிவிட்டு "கொள்ளையனுக்கு நீ என்ன உறவு?" என்று ஸ்டேஷனில் கேட்டால் முழிப்பதைவிட, கதவைச் சாத்துவது சுலபம். மருத்துவமும் சட்டமும் இத்தனை ஒற்றுமையாக வேலை செய்து எங்கே பார்த்திருக்கிறீர்கள்? ஒன்று மிரட்டும். மற்றது கதவடைக்கும்.

அந்த ராணுவ ஆட்சியின் தலைவர் முகம்மது புஹாரி.

2014இல் தேசிய சுகாதாரச் சட்டம் வந்தது. அவசர சிகிச்சையை மறுத்தால் 1 லட்சம் நைரா அபராதம், அல்லது 6 மாதம் சிறை. போதவில்லை. 2017இல் குண்டடி பட்டவர்களுக்கென்றே தனிச் சட்டம்: ரிப்போர்ட் வேண்டாம், முன்பணம் வேண்டாம், சிகிச்சை தொடங்கி 2 மணி நேரத்துக்குள் போலீஸுக்குத் தகவல் தந்தால் போதும். கைகட்டி நின்று சாகவிட்டால் 5 லட்சம் நைரா அபராதம், அல்லது 5 ஆண்டு சிறை. அதுவும் வாசல்வரை வந்து சேரவில்லை. 2023இல் காவல்துறைத் தலைவர் மறுபடியும் உத்தரவு போட்டார். சட்டத்துக்குக் கீழ்ப்படியுங்கள் என்று ஓர் உத்தரவு!

சட்டத்தின் கதி இது. பணத்தின் கதி? 2001இல் ஆப்பிரிக்கத் தலைவர்கள் கூடி, பட்ஜெட்டில் 15 சதவீதம் சுகாதாரத்துக்கு என்று சத்தியம் செய்ததும் நைஜீரியாவின் அபுஜாவில்தான். விருந்து வைத்த வீடு இன்றுவரை அந்த எண்ணைத் தொட்டதில்லை.

2017 சட்டம் வந்தபோது ஜனாதிபதி யார்? அதே புஹாரி, இம்முறை ஓட்டு வாங்கி வந்தவர். அந்த ஆண்டு சேர்ந்தாற்போல 100 நாளுக்கு மேல் லண்டனில் சிகிச்சை எடுத்தார். அக்டோபரில் அவர் மனைவி ஆயிஷாவே மேடையேறி, ஜனாதிபதி மாளிகை கிளினிக்கில் ஒரு சிரிஞ்சுகூட இல்லை என்று போட்டுடைத்தார். எக்ஸ்ரே மிஷினும் ஓடவில்லையாம். கட்டடம் மட்டும் எழும்பிக்கொண்டிருந்தது. கட்டடத்தில்தானே கான்ட்ராக்ட் இருக்கிறது; சிரிஞ்சில் என்ன மிஞ்சும்?

ஓட்டு வாங்கி வந்த புஹாரி எட்டாண்டு ஆண்டார். ஆனால், கடைசியில் அவர் நம்பிப் படுத்த கட்டில் அந்த நாட்டில் இல்லை. 2025 ஜூலை 13 அன்று, லண்டனில் ஒரு கிளினிக்கில் காலமானார்.