இடம், வலம், சாம்பார்

கள்ளக்குறிச்சியில் ஒயர் இல்லாத ஸ்பீக்கர் ஜோடி வாங்கினேன். இடத்தில் ஒன்று, வலத்தில் ஒன்று; நடுவில் உட்கார்ந்தால்தான் ஸ்டீரியோ என்றார் கடைக்காரர். எங்கள் வீட்டு நடுவில் கிரைண்டர் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே ஒன்று பூஜையறைக்கு, இன்னொன்று அடுப்படிக்கு. வயலின் சாமிக்கு, மிருதங்கம் சாம்பாருக்கு.

புளூடூத் என்பது 10-ஆம் நூற்றாண்டு டென்மார்க் மன்னன் ஹரால்டின் பட்டப்பெயர்; பிரிந்துகிடந்த மக்களைச் சேர்த்தவனாம். எங்களுக்கு அவன் சேர்த்துவைத்தது பக்கத்து வீட்டுப் பையனின் போனை.

ஆடி மாதம் இந்தக் கவலையெல்லாம் இல்லை. கோயில் குழாய் ஸ்பீக்கருக்கு 'பேரிங்' வேண்டாம். ஊரே தானாக இணைந்துவிடும். இரவு 10 மணிக்கு மேல் கூடாது என்று 2000-லேயே விதி வந்தது. அம்மனுக்கு இன்னும் தகவல் போகவில்லை போலும்.

கல்வராயன் மலையில் வாத்தியாராக இருக்கும் மைத்துனன் வந்து பார்த்தான். "ஒயரே இல்லைன்னீங்க மாமா, சார்ஜுக்கு ரெண்டு தொங்குதே?"