பன்னிரண்டாவது புள்ளிக்கு வாழ்த்து

2025 மே மாதம், கால்பந்து சீசன் முடிந்த மறுநாள் காலையில், என் அக்காள் மகன் தொலைபேசியில் அழைத்து, "மாமா, வாழ்த்துகள்!" என்று உரத்த குரலில் சொன்னபோது எனக்கு மூண்ட கோபம் இதை எழுதும் இந்த நிமிஷம் வரையில் தணிந்தபாடில்லை. எதற்கு வாழ்த்து என்று கேட்டேன். "டெர்பியை மிஞ்சிவிட்டீர்களே!" என்றான். இங்கிலாந்தின் பிரீமியர் லீகில் 2007-08-ஆம் ஆண்டு டெர்பி கவுண்டி என்ற கழகம், 38 ஆட்டங்கள் ஆடி, அவற்றுள் ஒன்றே ஒன்றில் வென்று, மொத்தம் 11 புள்ளிகள் சேகரித்து, கடைசி ஸ்தானத்துக்கும் கீழே ஒரு ஸ்தானம் இருந்திருந்தால் அதற்கும் உரிமை கொண்டாடக்கூடிய நிலையில் இறங்கிப் போயிற்று. நானும் என் போன்ற சில புத்திசாலிகளும் மனத்தைப் பறிகொடுத்திருக்கும் சவுத்தாம்ப்டன் கழகமோ 2024-25-ஆம் ஆண்டு 12 புள்ளிகள் எடுத்து, அந்தக் கீர்த்தி டெர்பியை விட்டு அகலாதபடி காப்பாற்றிக் கொடுத்துவிட்டது. அந்த ஒரு புள்ளிக்குத்தான் வாழ்த்து!

வாழ்த்தியவன் லிவர்பூல் பக்தன். அவனுடைய கழகம் ஏப்ரல் மாதத்திலேயே பட்டத்தை உறுதி செய்துகொண்டு ஓய்வாக உட்கார்ந்துவிட்டது. என்னுடைய கழகமும் ஏப்ரல் மாதத்திலேயே, இன்னும் ஏழு ஆட்டங்கள் பாக்கியிருக்கையில், கீழ்ப் பிரிவுக்குப் போவதை உறுதி செய்துகொண்டுவிட்டது. அத்தனை ஆட்டங்களை மீதி வைத்துக்கொண்டு இந்தக் காரியத்தை முடித்த கழகம் பிரீமியர் லீகின் சரித்திரத்தில் அதுவரை வேறொன்று இல்லை. சவுத்தாம்ப்டன் துறைமுகத்திலிருந்து 1912-ஆம் ஆண்டு புறப்பட்ட ஒரு கப்பலைப் பற்றி எனக்கு நினைவூட்ட விரும்பும் அன்பர்கள் சிரமப்பட வேண்டாம். அக்காள் மகன் ஆகஸ்டு மாதத்திலேயே நினைவூட்டிவிட்டான்.

உண்மையில் நான் எழுத உட்கார்ந்தது ஒரு யோசனையைச் சொல்வதற்காக. 2023-24-இல் மேலேறி வந்த லூட்டன், பர்ன்லி, ஷெஃபீல்டு யுனைடெட் ஆகிய மூன்று கழகங்களும் வந்த வழியே திரும்பிப் போயின. 2024-25-இல் மேலேறி வந்த லெஸ்டர், இப்ஸ்விச், சவுத்தாம்ப்டன் மூன்றும் அவ்வண்ணமே போயின. இந்த அநியாயத்துக்குப் பரிகாரமாக என்னிடம் ஓர் அருமையான யோசனை இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன்னால் கோல் கிக்கைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சடைப்பு வந்துவிடும்.

நாங்கள் ஆட்டம் பார்க்கத் தொடங்கிய காலத்தில் கோல் கிக் என்பது ஒரு நாணயமான காரியமாக இருந்தது. கோல்கீப்பர் பந்தை வைப்பார், சில அடி பின்னே போவார், ஓடி வந்து ஓங்கி உதைப்பார். பந்து ஆகாயத்தில் ஏறி எதிரியின் பாதியில் எங்கோ விழ, அதன் கீழே பத்துப் பேர் தலையோடு தலை முட்டிக்கொள்வார்கள். அதில் கலையம்சம் அதிகம் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அபாயமும் இல்லை. 2019-ஆம் ஆண்டு இந்த விதியைத் தளர்த்தினார்கள். அதுவரையில் பெனால்டி ஏரியாவை விட்டுப் பந்து வெளியே வந்த பிறகுதான் இன்னொருவர் தொடலாம் என்று இருந்ததை, உள்ளேயே நின்று வாங்கிக்கொள்ளலாம் என்று மாற்றிவிட்டார்கள். வாங்கிக்கொள்ளலாம் என்பதுதான் விதி. வாங்கியே தீர வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. ஆனால் எங்கள் மேனேஜராக இருந்த ரஸ்ஸல் மார்ட்டின், பந்தைக் காலடியில் வைத்துக் கோலின் வாசலிலிருந்தே குட்டிக் குட்டிப் பாஸ்களால் ஆட்டத்தைக் கட்டியெழுப்ப வேண்டும் என்ற சித்தாந்தத்தில் தீட்சை பெற்றவர்; தீட்சை பெற்றவர்களுக்கே உரிய வைராக்கியமும் உடையவர்.

நியாயமாகச் சொல்ல வேண்டும்: இதே சித்தாந்தத்தைக் கொண்டுதான் அவர் இரண்டாம் பிரிவில் இருந்த ஆண்டில், எல்லாப் போட்டிகளையும் சேர்த்து, 25 ஆட்டங்கள் தொடர்ந்து தோல்வியே காணாமல் கழகத்தை நடத்தி, 2024 மே மாதம் வெம்பிளி மைதானத்தில் லீட்ஸை 1-0 என்று வென்று எங்களை மேலே கொண்டுவந்தார். நியாயம் சொல்லி முடித்தாயிற்று.

மேலே வந்த முதல் ஆட்டத்தில் என்ன நடந்தது? நியூகாஸிலில், எதிர்க்கட்சியில் ஒருவர் ரெட் கார்டு வாங்கிக்கொண்டு அரை மணிக்குள் வெளியே போய்விட்டார். எதிரே பத்துப் பேர்; ஆட்ட நேரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு பந்து எங்கள் காலில். இடைவேளைக்குச் சற்று முன்னால் எங்கள் கோல்கீப்பர் அருமையான ஒரு பாஸ் கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டவர் நியூகாஸில்காரர். அவர் ஜோயலிங்டனிடம் தள்ள, ஜோயலிங்டன் கோலில் தள்ள, 1-0. அதே கணக்கில் ஆட்டமும் முடிந்தது.

இந்தக் குட்டிப் பாஸ் உபசாரத்தைக் காணும்போதெல்லாம் எனக்குக் கல்யாணப் பந்தியில் இரண்டு சம்பந்திகள் நின்றுகொண்டு, "நீங்கள் முதலில் உட்காருங்கள்", "அதெப்படி, நீங்கள் உட்காருங்கள்" என்று ஒருவரையொருவர் இலையின் பக்கம் தள்ளிக்கொண்டிருக்கும் காட்சிதான் கண்ணில் வரும். கோல்கீப்பர் பந்தை வலப்பக்கத்து டிஃபென்டரிடம் சமர்ப்பிக்கிறார். டிஃபென்டர், தமக்கு அந்த யோக்கியதை இல்லை என்று வினயமாகக் கோல்கீப்பரிடமே திருப்பித் தருகிறார். கோல்கீப்பர் இடப்பக்கத்தாரிடம் உபசாரம் செய்கிறார். இடப்பக்கத்தார் நடுவில் வந்து நிற்கும் மிட்ஃபீல்டரைக் கண்ணால் அழைக்கிறார். அவரோ முதுகைக் காட்டியபடி வந்து வாங்கி, திரும்பிப் பார்க்கவும் மனமில்லாதவராய், வந்த வழியே அனுப்பிவிடுகிறார். இப்படி இலை காலியாகக் கிடக்க, உபசாரம் மட்டும் வளர்ந்துகொண்டே போகையில், இருவருக்கும் உறவில்லாத, பசித்த வயிற்றோடு வந்த மூன்றாம் மனிதன் ஒருவன் சட்டென்று உட்கார்ந்து பாயசம் வரை சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிறான். சம்பந்திகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். பின்பு என்ன செய்கிறார்கள்? அடுத்த இலைக்கும் அதே உபசாரத்தைத் தொடங்குகிறார்கள்!

நவம்பரில் லிவர்பூல் எங்கள் ஊருக்கு வந்தபோது விழுந்த முதல் கோல் இப்படித்தான். அந்த ஆட்டத்தில் பிறகு 2-1 என்று முன்னணியிலும் இருந்து, கடைசியில் 3-2 என்று தோற்றோம். அன்றிரவு அக்காள் மகனுக்குத் தொலைபேசியில் என்னுடைய எண் ஏனோ கிடைக்கவில்லை.

இங்கிலாந்தில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு நடக்கும் ஆட்டங்களை அந்த நாட்டுத் தொலைக்காட்சியில் காட்டுவதில்லை. ஜனங்கள் வீட்டில் உட்கார்ந்துவிடாமல் மைதானத்துக்குப் போக வேண்டும் என்பது நோக்கம். சவுத்தாம்ப்டன் நகரவாசி ஒருவன் அந்த ஆட்டங்களைக் காணாமல் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நிம்மதியாய் இருந்துவிட முடியும். அந்தப் பாதுகாப்பு நமக்குக் கிடையாது. இங்கே எல்லாவற்றையும் காட்டுகிறார்கள். வார நாள் ஆட்டமானால் நள்ளிரவு தாண்டிக் காட்டுகிறார்கள். டிசம்பர் 4-ஆம் தேதி செல்ஸியிடம் 5-1 என்று தோற்ற ஆட்டத்தில் எங்கள் காப்டன், எதிராளியின் நீண்ட தலைமயிரைப் பிடித்து இழுத்ததற்காக ரெட் கார்டு வாங்கி வெளியேறியதை நான் உறக்கம் கெட்டுப் பார்த்தேன். சீசன் முழுவதிலும் எங்கள் டிஃபென்டர் ஒருவர் எதிரியைத் தப்பவிடாமல் உறுதியாகப் பிடித்த சந்தர்ப்பம் அது ஒன்றுதான் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

அதற்குப் பதினோரு நாள் கழித்து டாட்டன்ஹாம் வந்தது. முதல் நிமிஷத்திலேயே ஒன்று, இடைவேளைக்குள் ஐந்து. ஆட்டமும் 5-0 என்றே முடிந்தது, எதிராளிகளுக்கும் ஓர் எல்லைக்கு மேல் இரக்கம் வந்துவிடும் போலிருக்கிறது. அன்றிரவே மார்ட்டினை அனுப்பிவிட்டார்கள். பிறகு குரோவேஷியாக்காரரான இவான் யூரிச் வந்தார். ஏப்ரல் 6-ஆம் தேதி அதே டாட்டன்ஹாமிடம் 3-1 என்று தோற்று இறக்கம் உறுதியான மறுநாள் அவரும் போனார். மீதியைச் சைமன் ரஸ்க் என்பவர் பார்த்துக்கொண்டார். மேனேஜர் மாறினாலும் பாயசம் சாப்பிட வந்தவர்கள் மாறவில்லை.

நடுவில் ஒரு நல்ல நாள் வந்தது. பிப்ரவரி 1-ஆம் தேதி இப்ஸ்விச்சை அவர்கள் ஊரிலேயே 2-1 என்று வென்றோம். அன்றிரவு நான் என்ன செய்தேன் என்று கேட்க மாட்டீர்கள். நீங்கள் செய்வதைத்தான் செய்தேன். காகிதத்தை எடுத்தேன். கையிலிருப்பது 9 புள்ளி. 40 புள்ளி எடுத்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்பது அந்த நாட்டு ஐதீகம். பாக்கி ஆட்டங்கள் 14. பத்து வெற்றியும் ஒரு டிராவும் போதுமே! எந்தெந்தப் பத்து என்று பெயர் பெயராய் எழுதி, லிவர்பூல் மைதானத்தில் போய் ஆடுவதை மட்டும் பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்து, மற்ற கழகங்கள் எங்கெங்கே தோற்க வேண்டும் என்பதையும் ஒழுங்குபடுத்தி வைத்துவிட்டுப் படுத்தேன். அந்தப் பதினான்கில் எங்களுக்குக் கிடைத்தவை மூன்று டிரா. வெற்றி என்பது, நவம்பரில் எவர்ட்டனை 1-0 என்று வென்றதையும் சேர்த்து, வருஷம் முழுவதற்கும் இரண்டோடு நின்றுவிட்டது. பிழைப்பதற்கு 40 புள்ளி தேவைப்படவும் இல்லை. டாட்டன்ஹாம் 38 எடுத்துப் பதினேழாவது ஸ்தானத்தில் சௌக்கியமாக உட்கார்ந்துகொண்டது. எங்களை இரண்டு முறையும் அடித்து நொறுக்கிய கழகத்தின் யோக்கியதையே அவ்வளவுதான் என்று நினைக்கும்போது வரும் எரிச்சலுக்கு மருந்து இல்லை.

இனி அந்தப் பன்னிரண்டாவது புள்ளி. மே 10-ஆம் தேதி மான்செஸ்டர் சிட்டி எங்கள் மைதானத்துக்கு வந்தது. குட்டிப் பாஸ் சித்தாந்தத்தை இங்கிலாந்து முழுவதற்கும் உபதேசித்த பெப் கார்டியோலா அப்போது நடத்தி வந்த கழகம் அது. அன்றைக்கு எங்கள் ஆட்டக்காரர்களுக்கு என்ன தோன்றிற்றோ, பந்தை எதிராளியிடமே விட்டுவிட்டு, கோலின் முன்னே கூட்டமாய் நின்று, வந்ததையெல்லாம் தலையாலும் காலாலும் தள்ளித் தள்ளி, 0-0 என்று முடித்துவிட்டார்கள். கோல்கீப்பர் ராம்ஸ்டேல், இதற்கு முன் போர்ன்மத்தோடும் ஷெஃபீல்டு யுனைடெட்டோடும் கீழே இறங்கிய அனுபவஸ்தர், அன்று அபாரமாக ஆடினார். இந்த ஞானம் ஆகஸ்டிலேயே வந்திருந்தால் என்ன என்று தொலைக்காட்சிப் பெட்டியைப் பார்த்து நான் கேட்டதற்கு, உள்ளேயிருந்து என் மனைவி, "யாரோடு பேசுகிறீர்கள்?" என்றாள்.

அடுத்த வாரம், 1892 முதல் எவர்ட்டனின் இருப்பிடமாக இருந்த கூடிசன் பார்க்கில் அவர்களுடைய ஆண்கள் அணியின் கடைசி ஆட்டம். பிரியாவிடை விழாவுக்கு அழைக்க எங்களைவிடப் பொருத்தமான விருந்தாளி எவர்? விழாவைக் கெடுக்காமல் 2-0 என்று தோற்றுவிட்டு வந்தோம். அதற்கும் அடுத்த வாரம் ஆர்ஸனலிடம் 2-1 என்று தோற்றதோடு சீசன் முடிந்தது. மறுநாள் காலையில்தான் அந்தத் தொலைபேசி அழைப்பு.

இறங்கிப் போகும் கழகங்களுக்கு வழிச்செலவுக்கென்று பாராசூட் தொகை என்ற பெயரில் பெரும்பணம் தருகிறார்கள். அதை வைத்துக்கொண்டு மறுபடியும் மேலே வந்துவிடலாம் என்று அக்காள் மகன் சமாதானம் சொன்னான். மேலே வந்து? அதே இலை, அதே உபசாரம்!

2025-இல் புதிய மேனேஜராக வில் ஸ்டில் என்ற இளைஞரை நியமித்தார்கள்; அவரும் அந்த ஆண்டே போனார். வாசகர்களில் எவருக்கேனும் இப்போதைய மேனேஜரிடம் பரிச்சயம் இருந்தால் தயைகூர்ந்து ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: கோல் கிக் கிடைத்தால் கோல்கீப்பர் பந்தை வைத்து, சில அடி பின்னே போய், ஓடி வந்து ஓங்கி உதைக்கட்டும்.