கெளுத்தி மீனும் ஒரு தந்தியும்

பூமிக்கு அடியில் நாம் ஒரு பாம்பைப் படுக்க வைத்தோம். ஜப்பான்காரர்கள் ஒரு கெளுத்தி மீனைப் படுக்க வைத்தார்கள். நமாஸு என்று பெயர். அது வாலை ஆட்டாமல் இருக்க, காஷிமா என்ற சாமி அதன் தலைமேல் கல்லை வைத்து அழுத்திக்கொண்டிருப்பார். அவர் கொஞ்சம் கண்ணயர்ந்தால் மீன் துள்ளும், ஊர் ஆடும்.

1855இல் எடோ, அதாவது இன்றைய டோக்கியோ, நிலநடுக்கத்தில் சிதைந்தபோது காரணத்தைக் கண்டுபிடிக்க விசாரணைக் கமிஷன் எதுவும் தேவைப்படவில்லை. அது அவர்கள் கணக்கில் பத்தாம் மாதம். நாட்டிலுள்ள சாமிகள் எல்லாரும் இஸுமோ கோயிலுக்கு மாநாட்டுக்குப் போய்விடுகிற மாதம். காஷிமாவும் போயிருந்தார். பொறுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி விட்டுப்போன எபிசு சாமி தூங்கிவிட்டார். அதிகாரி கேம்ப், இன்சார்ஜ் சீட்டில் இல்லை. நமக்குப் புரியாத கதையா?

அடுத்த சில வாரங்களில் கெளுத்திப் படங்கள் மரஅச்சில் நூற்றுக்கணக்கில் வெளிவந்தன. சில படங்களில் ஜனங்கள் மீனைப் போட்டுப் புரட்டி எடுக்கிறார்கள். வேறு சிலவற்றில் தச்சர்களும் சுவர் பூசுகிறவர்களும் அதே மீனுக்கு உபசாரம் செய்கிறார்கள். இடிந்ததெல்லாம் அவர்களுக்கு வேலை அல்லவா. கட்டட காண்ட்ராக்ட் தொழிலைப் பற்றி இவ்வளவு ஒளிவுமறைவில்லாத ஓவியத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அந்த மரஅச்சு ஓவியக் கலைமீது பித்தேறி 1905இல் ஜப்பானில் வந்து இறங்கினார் ஓர் அமெரிக்கர். ஃப்ராங்க் லாயிட் ரைட். தொழில் கட்டடக் கலை. உபதொழில் ஓவிய வியாபாரம். சில வருஷங்களில் உபதொழில்தான் அடுப்பை எரித்தது. சிகாகோ பக்கத்தில் மனைவியையும் ஆறு பிள்ளைகளையும் விட்டுவிட்டு, வீடு கட்டித்தரச் சொல்லி வந்தவரின் மனைவியோடு ஐரோப்பாவுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு அமெரிக்கக் கனவான்கள் இவரிடம் வீட்டு பிளான் கேட்டு வரத் தயங்கினார்கள். காரணம் சொல்லவும் வேண்டுமா?

ஆகவே டோக்கியோவில் இம்பீரியல் ஹோட்டலுக்குப் புதுக் கட்டடம் என்ற பேச்சு எழுந்ததும் ரைட் பாய்ந்து பிடித்துக்கொண்டார். மேனேஜர் ஹயாஷி ஐசாகு முன்பு நியூயார்க்கில் கீழைநாட்டுக் கலைப்பொருள் விற்றவர். இருவருக்கும் பேச விஷயம் இருந்தது. 1916இல் வேலை கையெழுத்தானது. ஆக, ஒரு நாட்டின் கௌரவ விருந்தினர் மாளிகை, இரண்டு பட வியாபாரிகளின் சிநேகத்தில் பிறந்தது.

இடம், அரண்மனைக்கு எதிரே ஹிபியா. பார்க்க அருமையான இடம். தோண்டினால்தான் சங்கதி தெரியும். பழைய காலத்தில் அங்கே கடல் உள்ளே வந்து போய்க்கொண்டிருந்தது. டோக்குகாவா ஆட்சி தொடங்கியபோது அதைத் தூர்த்து மனையாக்கிவிட்டார்கள். மேலே எட்டடிக்குச் சுமாரான மண். அதற்குக் கீழே அறுபது, எழுபது அடிக்குக் கொழகொழவென்று சேறு. நம் ஊரிலும் ஏரியைத் தூர்த்த பேட்டைகளுக்கு விளம்பரத்தில் 'லேக் வியூ' என்று பெயர் வைப்பார்கள்.

ரைட்டைக் குறை சொல்லப்போகிறேன் என்பதால் அவருக்குச் சேர வேண்டியதை முதலில் கொடுத்துவிடுகிறேன். மனிதர் சோதனை செய்தார். மனையில் துளை போட்டு, காங்கிரீட் நிரப்பி, அதன்மேல் இரும்புப் பாளங்களை அடுக்கி, எத்தனை எடைக்கு எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து குறித்தார். இன்றைக்குக்கூட எத்தனையோ அடுக்குமாடிகளில் மண் பரிசோதனை என்பது பக்கத்து மனைக்காரரின் அறிக்கையை ஜெராக்ஸ் எடுப்பதோடு முடிந்துவிடுகிறது. அந்தக் கணக்கில் ரைட் உத்தமர்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். ரைட் ஆழம் தெரிந்தபிறகு எட்டடியோடு காலை நிறுத்திக்கொண்டார். ஒன்பது அங்குல விட்டத்தில், எட்டு ஒன்பது அடி ஆழத்தில், இரண்டடிக்கு ஒன்றாகக் குட்டையான காங்கிரீட் பைல்கள். சேற்றைத் துளைத்துக்கொண்டு கீழே கெட்டி மண்ணைத் தேடிப்போகிற உத்தேசமே இல்லை. ஏன் என்று கேட்டதற்கு ஒரு தத்துவம் வந்தது. சேறு என்பது கடவுள் போட்டுவைத்த மெத்தை. அதிர்ச்சியை அது வாங்கிக்கொள்ளும். கட்டடம் அதன்மேல் மிதக்கும். உள்ளே தளங்கள், வெயிட்டர் விரல்களை விரித்துத் தட்டை ஏந்துவதுபோல் நடுவிலுள்ள தூண்களிலிருந்து இருபுறமும் நீட்டிக்கொண்டு நிற்கும். இந்த வெயிட்டர் உவமை ரைட்டே சொன்னது. ஹோட்டல் முதலாளிகளிடம் வெயிட்டரை வைத்து விளக்கினால் காசு பெயரும் என்று தெரிந்த ஆள்.

மெத்தைத் தத்துவத்தில் ஒரு சின்னக் கோளாறு உண்டு. அது தலைகீழ். பாறையில் விறுவிறுவென்று வருகிற நிலநடுக்க அலை, இளகிய சேற்றுக்குள் நுழைந்ததும் வேகம் குறைகிறது. வேகம் குறைந்தால் அதே சக்தி அகலமான ஆட்டமாக மாறுகிறது. அதாவது சேறு அதிர்ச்சியை விழுங்காது, பெரிதாக்கி மேலே அனுப்பும். 1985இல் மெக்சிகோ நகரம் இதைப் பச்சையாகக் காட்டியது. நிலநடுக்கத்தின் மையம் 350 கிலோமீட்டருக்கு அப்பால் பசிபிக் கரையோரம். நகரம் உட்கார்ந்திருப்பது பழைய ஏரிப் படுகைக் களிமண்ணில். மையத்துக்கு அருகே கெட்டிப் பாறையில் இருந்த இடங்களைவிட ஏரிப் படுகை பலமாக ஆடியது. ஆறிலிருந்து பதினைந்து மாடி வரையிலான கட்டடங்கள் அந்த ஆட்டத்தின் தாளத்தோடு சேர்ந்துகொண்டு நொறுங்கின.

ரைட்டுக்குச் சேறு புதிதா என்றால், அதுவும் இல்லை. சிகாகோவில் ஆட்லர், சல்லிவன் அலுவலகத்தில் இளைஞனாக வேலை பார்த்தபோது அவர்கள் ஆடிட்டோரியம் கட்டடத்தை 1889இல் முடித்தார்கள். அது களிமண்ணில் இரண்டடிக்கு மேல் இறங்கியது. டோக்கியோவில் ரைட்டுக்கு மேஸ்திரியாக வந்த பால் ம்யூல்லரும் அதே அலுவலகத்துப் பழைய ஆள். இறங்கிய கட்டடத்தைக் கண்ணால் பார்த்த இரண்டு பேர், இன்னொரு சேற்று மனைக்குக் கப்பலேறி வந்து, இது மிதக்கும் என்று சத்தியம் செய்தார்கள்.

வேலை இழுத்தது. மதிப்பீடு பல மடங்கு வீங்கியது. டைரக்டர்கள் முகம் சுளித்தார்கள். முகப்பில் இருந்த தண்ணீர்த் தொட்டியையாவது வெட்டுங்கள் என்றபோது, தொட்டி போனால் நானும் போவேன் என்று மிரட்டியதாக ரைட்டே எழுதிவைத்திருக்கிறார். 1922 ஏப்ரலில் பக்கத்தில் இருந்த பழைய ஹோட்டல் தீப்பிடித்துப் போயிற்று. அதே மாதம் ஒரு பலத்த நடுக்கம். பாதியில் நின்ற புதுக் கட்டடம் தாக்குப்பிடித்தது. ஹயாஷி ராஜினாமா செய்தார். ஜூலையில் ரைட்டும் மூட்டை கட்டினார். மிச்ச வேலையைச் செய்து முடித்தவர் அவருடைய சீடர் எண்டோ அராட்டா. எண்டோவின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? சீடர்கள் கதி எங்கும் ஒன்றுதான்.

1923 செப்டம்பர் 1, முறைப்படி திறப்பு விழா. சனிக்கிழமை. மதிய விருந்துக்கு அடுப்பு மூட்டியிருந்தது. 11 மணி 58 நிமிஷத்துக்குக் கெளுத்தி துள்ளியது. அளவு சுமார் 7.9.

இந்த இடத்தில் நையாண்டியைச் சற்று ஒதுக்கிவைக்க வேண்டும். டோக்கியோ, யோகோஹாமா இரண்டும் எரிந்தன. ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பெரும்பாலும் தீயில். எல்லா வீட்டிலும் மதியச் சமையல் நேரம், எல்லாம் மர வீடுகள், பலத்த காற்று வேறு. பிறகு கொரியர்கள் கிணற்றில் விஷம் கலக்கிறார்கள் என்று வதந்தி கிளம்பி, ஆயிரக்கணக்கான கொரியர்களை மனிதர்களே வெட்டிக் கொன்றார்கள். அதற்குக் கெளுத்தியைப் பொறுப்பாக்க முடியாது.

ஹோட்டல் நின்றது. ஊழியர்கள் சமையலறைத் தீயை அடக்கினார்கள். ரைட் சண்டை போட்டுக் காப்பாற்றிய தொட்டித் தண்ணீர் அக்கம்பக்கத்துத் தீயை அண்டவிடாமல் வைக்க உதவியது. வீடிழந்தவர்களுக்குச் சோறு கிடைத்தது. தூதரகங்கள் அறைகளில் குடிவந்தன.

ரைட் அப்போது லாஸ் ஏஞ்சல்ஸில். ஹோட்டல் தரைமட்டம் என்று பத்திரிகைகள் எழுதின. இருக்கவே இருக்காது என்று இவர் நிருபர்களிடம் மல்லுக்கு நின்றார். பதினைந்து நாளைக்குள் ஒரு தந்தி வந்தது. ஹோட்டல் தலைவர், எண்பதைத் தாண்டிய ஒகுரா கிஹாச்சிரோ பெயரில். கட்டடத்துக்குச் சேதமே இல்லை, அது உமது மேதைமைக்கு நினைவுச்சின்னமாக நிற்கிறது, வாழ்த்துகள் என்பது சாரம். ரைட் அதைப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார். பிற்பாடு சுயசரிதையிலும் போட்டுக்கொண்டார்.

சந்தேகப் பிராணிகள் தந்தித் தாளைக் கையில் எடுத்துப் பார்த்தார்கள். கிடைத்திருக்கும் பிரதியில் அனுப்பிய ஊர் டோக்கியோ இல்லை, விஸ்கான்சின் மாநிலத்து ஸ்ப்ரிங் க்ரீன். அங்கேதான் ரைட்டின் சொந்த வீடும் பட்டறையும். வீட்டுக்கு வந்த தந்தியை ஆள் இருக்கும் ஊருக்குத் திருப்பி அடித்திருக்கலாம், அதுவும் நடக்கக்கூடியதுதான். ஆனால் ஆயுத வியாபாரத்தில் கோடி சேர்த்த கிழவர், ஊரே எரிந்து கிடக்கும்போது, பட்ஜெட்டைத் தின்ற ஆர்க்கிடெக்டுக்கு 'மேதை' என்று காசு கொடுத்துத் தந்தியடித்தார் என்பதை நம்ப எனக்குக் கொஞ்சம் சிரமமாகத்தான் இருக்கிறது. அந்த வாசகத்தில் ரைட்டின் வாடை அடிக்கிறது.

தந்தி சொல்லாததை அளவு நாடா சொன்னது. நடுக்கட்டடம் சேற்றில் இறங்கியிருந்தது, சில இடங்களில் இரண்டடி வரை. சில தளங்கள் உப்பிக்கொண்டன. முகப்பிலிருந்து கல் அலங்காரங்கள் விழுந்தன. மொத்தத்தில் லேசான சேதம் என்ற ரகம். பக்கத்திலேயே அதைவிட நன்றாக நின்ற கட்டடங்கள் இருந்தன. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடம் நிஜமாகவே கோணிவிட்டது, ஆடியவர் ஆட்டம் பிரமாதம் என்று சர்டிபிகேட் வாங்கிக்கொண்டார்.

அப்படியானால் எது காப்பாற்றியது? மெத்தை அல்ல. பெரும்பகுதி இரண்டு மூன்று மாடிதான். குட்டையான, விறைப்பான கட்டடம், ஆகவே சேற்றின் மெதுவான ஆட்டத்தோடு தாளம் சேரவில்லை. சுமார் 20 மீட்டருக்கு ஒரு இடைவெளி விட்டு, துண்டு துண்டாகக் கட்டியிருந்தார்கள். ஒரு துண்டு ஆடினால் மற்றதை இழுக்காது. கனமான ஓடு இல்லை, செம்புத் தகட்டுக் கூரை. சுவர்கள் கீழே பருத்து மேலே போகப்போக இளைத்தன. குழாய்களைக் காங்கிரீட்டில் புதைக்காமல் தனிக் கால்வாயில் விட்டிருந்தார்கள். இதெல்லாம் ரைட் செய்தவைதான், நன்றாகவே செய்தார். ஆனால் அவர் மேடை போட்டுப் பெருமையடித்தது இதற்கு இல்லை, எதில் கோட்டை விட்டாரோ அந்த அஸ்திவாரத்துக்கு.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் மருனோஉச்சி. அங்கே ஜப்பான் தொழில் வங்கியின் கட்டடம் அதே 1923இல்தான் முடிந்திருந்தது. வடிவமைத்த பொறியாளர் வாசேதா பல்கலைக்கழகப் பேராசிரியர் நைட்டோ டாச்சு. ரைட்டுக்கு நேர் எதிர். கையடக்க ஸ்லைடு ரூலோடு கணக்குப் போட்டுக்கொண்டிருப்பவர். 1917இல் அமெரிக்காவுக்குப் படிக்கப்போனபோது, டிரங்குப் பெட்டியில் இடம் போதவில்லை என்று உள்ளே இருந்த தடுப்புப் பலகைகளைப் பிடுங்கிப் போட்டாராம். பெட்டி நசுங்கிவிட்டது. தடுப்புகள் இருந்தவரை நசுங்காத பெட்டி. இன்னொருவராக இருந்தால் ரயில்வே போர்ட்டரைத் திட்டியிருப்பார். நைட்டோ தன் கட்டடங்களில் அங்கங்கே கம்பி கட்டிய காங்கிரீட் தடுப்புச் சுவர்களை வைத்தார். பக்கவாட்டில் வரும் உதையைத் தூண்களிடமும் பீம்களிடமும் மட்டும் விடாமல் சுவரையும் தாங்க வைத்தார். இன்று சிவில் படித்த பையன்கள் ஷியர் வால் என்று சொல்வது அதைத்தான்.

அதே பேட்டையில் அமெரிக்கக் கம்பெனி ஒன்று அமெரிக்க முறையில் எஃகுச் சட்டம் போட்டு எழுப்பிய மருனோஉச்சி கட்டடம் பலமாக அடி வாங்கியது. நைட்டோவின் வங்கி ஏறக்குறைய சேதமே இல்லாமல் நின்றது. அடுத்த ஆண்டு ஜப்பான் அரசு சட்டத்தைத் திருத்தியது: கட்டடத்தின் எடையில் பத்தில் ஒரு பங்கு விசை பக்கவாட்டில் தள்ளினாலும் தாங்கும் என்று கணக்குக் காட்ட வேண்டும். சானோ தோஷிகாட்டா என்ற பேராசிரியர் சில ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவைத்த கணக்கு அது. சேற்றில் மிதக்கவிடுங்கள் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

ஆனாலும் உலகம் தந்தியைத்தான் ஞாபகம் வைத்துக்கொண்டது. ரைட் 1959இல் இறக்கும்வரை கதையை அலுக்காமல் சொல்லிக்கொண்டிருந்தார். நைட்டோ வானொலி, தொலைக்காட்சிக் கோபுரங்களாகக் கட்டித் தள்ளினார். 1958இல் திறந்த டோக்கியோ டவர் அவர் கணக்குத்தான்.

ஹோட்டல் சேற்றில் இறங்குவதை நிறுத்தவே இல்லை. தாழ்வாரங்கள் மேடும் பள்ளமுமாயின. கடைசியில் 1967, 68இல் முதலாளிகளே இடித்துவிட்டு, அந்த இடத்தில் பதினேழு மாடி எழுப்பினார்கள். முகப்பையும் லாபியையும் மட்டும் நகோயாவுக்கு அருகே மெய்ஜி முரா என்ற திறந்தவெளி அருங்காட்சியகத்தில் திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள், டிக்கெட் எடுத்துப் பார்க்கலாம். நைட்டோ 1926இல் தனக்குக் கட்டிக்கொண்ட வீடு, தூணில்லாமல் சுவர்களே எல்லாவற்றையும் தாங்குகிற வீடு, டோக்கியோவின் ஷின்ஜுகுவில் கட்டிய இடத்திலேயே நிற்கிறது.