கும்பிட்டு உதைக்கிற கலை

எங்கள் மேச்சேரியில் கராத்தே வகுப்பென்றால் ஏ.சி. அறையும் மெத்தை விரித்த தரையும் கிடையாது. ஒரு மைதானம், ஒரு வேப்பமரம், வேண்டிய மட்டும் நெருஞ்சி முள். ஆனால் மரியாதையில் மாஸ்டர் ஒரு குறையும் வைப்பதில்லை. வேப்பமரம் இருக்கும் பக்கம்தான் முன்புறம். செருப்பை ஜோடி பிசகாமல் விட்டு, மரத்தைப் பார்த்துக் குனிந்து வணங்கிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். உள்ளே எது, வெளியே எது என்பதற்கு ஒரு சுண்ணாம்புக் கோடு. மழை பெய்த மறுநாள் கோடு இருக்காது. பிள்ளைகள் குத்துமதிப்பாக வணங்குவார்கள்.

தாமதமாக வந்தவன் ஓரமாக மண்டியிட்டு, மாஸ்டர் தலையசைக்கும்வரை காத்திருக்க வேண்டும். உட்காரும்போது இடது முழங்கால் முதலில். எழும்போது வலது கால் முதலில். உடுப்பு நழுவினால் திரும்பி நின்றுதான் சரிசெய்ய வேண்டும். ஜட்டியோடு தெருமுனை வரை ஓடுகிற என் மகன் இத்தனையும் பிசகாமல் செய்கிறான். முள் குத்தினாலும் ஆடாமல் நிற்கிறான். "வலிக்குதா?" என்று மாஸ்டர் கேட்டால், கண்ணில் நீர் முட்ட "ஓஸ்!" என்கிறான். கராத்தேயில் "ஆகட்டும் மாஸ்டர்" என்பதற்கு அதுதான் வார்த்தை. வீட்டில் கொத்தமல்லி வாங்கி வரச் சொன்னாலும் அதே ஓஸ்தான். கொத்தமல்லி மட்டும் வராது.

வகுப்பு முடிவில் ஐந்து விதிகளைக் கோரஸாகச் சொல்வார்கள். குணத்தைச் செம்மையாக்கு, உண்மையாக இரு, முயற்சியை விடாதே, மரியாதை கொடு, முரட்டுத்தனத்தை அடக்கு. ஐந்துக்கும் நம்பர் ஒன்றுதான். எதுவும் இரண்டாம்பட்சம் இல்லையாம். ஐந்து மருமகள்கள் இருக்கிற வீட்டுக்கு உகந்த ஏற்பாடு.

புதன்கிழமைச் சந்தையில் ஆடு விற்றுவிட்டு அந்தப் பக்கம் வந்த என் அப்பா, மரத்தில் மாட்டியிருந்த கராத்தே குரு ஃபுனகோஷியின் படத்தை உற்றுப் பார்த்தார். "ஏனுங்க மாஸ்டர், ஆருங்க இந்தப் பெரியவரு? பள்ளிக்கூடத்து வாத்தியாராட்ட இருக்காரு."

வாத்தியாரேதான். 1868-ல் ஒகினாவாவில் பிறந்து, அங்கே பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1922-ல் டோக்கியோவுக்குப் போய்க் கராத்தேயைச் செய்து காட்டியவர். அவர் வகுத்த 20 நெறிகளில் முதலாவது, கராத்தே மரியாதையில் தொடங்கி மரியாதையில் முடிகிறது என்பது. இரண்டு மரியாதைக்கும் நடுவில்தான் உதை. "அதான பார்த்தேன், வாத்தி இல்லாம இத்தன சட்டம் எவன் போடுவான்?" என்று அப்பா கிளம்பினார்.

வெள்ளை உடுப்பையும் பெல்ட்டையும் ஃபுனகோஷி எடுத்துக்கொண்டது, ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோவிடமிருந்து. பெல்ட்டைத் துவைத்தால் உழைப்பு கரைந்துவிடும் என்று பிள்ளைகளிடையே ஓர் ஐதீகம். என் மனைவிக்கு ஐதீகத்தைவிட வியர்வை நாற்றம் பெரிது. புது மஞ்சள் பெல்ட்டை வெள்ளை உடுப்போடு சேர்த்து ஊறப்போட்டுவிட்டாள். உழைப்பு கரைந்ததோ என்னவோ, சாயம் தாராளமாகக் கரைந்தது. மறுநாள் கழுத்திலிருந்து கணுக்கால்வரை மஞ்சளாகப் போனவனிடம், "பத்ரகாளியம்மன் கோயில் பண்டிகை அதுக்குள்ள வந்திருச்சா கண்ணு?" என்று வழியெல்லாம் விசாரித்தார்கள்.

விதிகளெல்லாம் கோட்டுக்கு உள்ளே இருப்பவர்களுக்குத்தான். அடுத்த பெல்ட் தேர்வன்று கோட்டுக்கு வெளியே நின்ற அம்மாக்களைப் பார்த்திருக்க வேண்டும். "காலை வாரு சாமி, காலை வாரு!" என்று ஒருத்தி. "என்ற புள்ள மூஞ்சியில கை பட்டுது பாரு, அப்புறம் இருக்குது!" என்று இன்னொருத்தி. இன்னொருத்தி யாரென்று நான் சொல்லப்போவதில்லை; வீட்டில் சாப்பாடு நடக்க வேண்டும். சண்டை முடிந்து பையன்கள் இருவரும் குனிந்து வணங்கி, கைகுலுக்கி, ஒரே பொட்டலத்தில் முறுக்குத் தின்றார்கள். அம்மாக்கள் இருவரும் பச்சை பெல்ட் வந்த பிறகும் முகம் கொடுத்துப் பேசவில்லை.