மேல்தட்டு மக்கள்: அடுக்குக் கட்டில் குறித்து ஓர் ஆய்வு

அடுக்குக் கட்டில் வாங்குகிறவர்கள் தரையை அளக்கிறார்கள். இத்துறையில் நேர்ந்த பிழைகள் அனைத்துக்கும் தோற்றுவாய் அதுவே என்பது இக்கட்டுரையின் துணிபு. பத்துக்குப் பத்து அறை, இரண்டு பிள்ளைகள். இரண்டு தனிக் கட்டில் போட்டால் பீரோ கதவு திறக்காது; ஆகவே ஒன்றின்மேல் ஒன்று. கணக்கு சரிதான். ஆனால் தரையில் மிச்சம் பிடித்த இடம் எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. உச்சியிலிருந்து வந்தது. அங்கே ஏற்கெனவே ஒருவர் குடியிருக்கிறார்: மின்விசிறி.

நம் வீடுகளில் பெரும்பாலும் தொங்கும் விசிறியின் வீச்சு 1200 மி.மீ., ஏறத்தாழ 4 அடி. பத்தடி அறையின் நட்டநடுவில் அது சுற்றும்போது இறக்கையின் நுனி சுவரிலிருந்து 36 அங்குலத்தில் வந்து போகிறது. 36 அங்குல மெத்தை போடும் கட்டிலின் வெளிச்சட்டமோ 40 அங்குலத்தைத் தொட்டுவிடும். ஆக, நான்கு அங்குலத்துக்கு எல்லைத் தகராறு. இனி உயரம். வசிப்பறைக்குத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு கேட்கும் குறைந்தபட்ச உயரம் 2.75 மீட்டர், அதாவது 9 அடி. அடுக்குமாடி கட்டுகிறவர்கள் அதற்குமேல் தாராளம் காட்டுவது அபூர்வம். விசிறி ஓரடி இறங்கித் தொங்கினால் இறக்கை 8 அடியில். மேல்தட்டு மெத்தை ஏறத்தாழ 5 அடியில். எட்டு வயதுப் பிள்ளை அதன்மேல் எழுந்து நிற்கக்கூட வேண்டாம். உட்கார்ந்தபடி சோம்பல் முறித்தால் போதும்.

900 மி.மீ. விசிறிக்கு மாறலாமே என்பார் சிலர். மாறினால் நுனி சுவரிலிருந்து 42 அங்குலத்துக்கு விலகும். இரண்டங்குலம் இடைவெளி கிடைக்கும். இரண்டங்குலத்தை நம்பிப் பிள்ளை வளர்த்தவர் உலகில் இல்லை. சுவர் விசிறிதான் வழி. கட்டில் விற்கும் கடையில் இதைச் சொல்ல ஆளில்லை. காட்சிக்கூடத்தின் உச்சி அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் இருக்கிறது, ஏசி வேறு ஓடுகிறது. ஊரிலிருந்து வந்த பாட்டிதான் அறை வாசலிலேயே நின்று, “ஏம்ப்பா, ஃபேனைப் பாத்தியா?” என்றார். முறையான ஆய்வுப் பயிற்சி இல்லாத ஒருவர் மையக் கேள்வியை ஒரே பார்வையில் எட்டிவிடுவது எந்தத் துறைக்கும் நல்லதல்ல.

அடுத்தது தடுப்புச் சட்டம். அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு நடப்புக்கு வந்த விதிப்படி, மேல்தட்டின் தடுப்பு மெத்தைக்கு மேல் 5 அங்குலமாவது எழும்பி நிற்க வேண்டும். சுவர்ப் பக்கமும் தடுப்பு வேண்டும். ஆறு வயது நிரம்பாத பிள்ளையை மேலே படுக்க வைக்கக் கூடாது என்ற எச்சரிக்கை கட்டிலிலேயே இருக்க வேண்டும். ஐரோப்பிய நெறியான ஈ.என். 747ம் ஆறு வயதையே சொல்கிறது. மெத்தை எவ்வளவு தடிமன் வரை போகலாம் என்று கட்டிலிலேயே கோடு போடச் சொல்கிறது. அந்தக் கோட்டில்தான் நம் குடும்பங்கள் தடுக்கி விழுகின்றன. பலகைக்கு மேல் 10 அங்குலம் உயரும் தடுப்புக்கு 5 அங்குல மெத்தை பொருந்தும். “பிள்ளைக்கு முதுகு வலிக்கும்” என்று அன்பு மேலிட்டு 8 அங்குல மெத்தை வாங்கிப் போட்டால் மிஞ்சுவது 2 அங்குலம். பாசம் கூடக் கூடத் தடுப்பு குட்டையாகும் என்பதை இத்துறையின் முதல் விதியாகவே கொள்ளலாம்.

யாருக்கு மேல்தட்டு என்ற சிக்கலில் ரயில்வே முன்மாதிரி பயன்படாது என்பதையும் பதிந்தாக வேண்டும். ரயிலில் எல்லாருக்கும் லோயர் பெர்த்தே குறி. 60 கடந்த ஆண்களுக்கும் 45 கடந்த பெண்களுக்கும் அங்கே கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு உண்டு. அப்பர் பெர்த் கிடைத்தவர் டிக்கெட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார். வீட்டில் வைத்த அதே பெர்த்துக்குத்தான் அடிதடி. “நான் அக்கா, நான்தான் மேல” என்பது வயதுவாதம். “எனக்குத்தான் முதல்ல வாங்கித் தர்றேன்னு அப்பா சொன்னாங்க” என்பது ஆவணவாதம். ஐந்தரை வயதுத் தம்பிக்குச் சர்வதேச நெறிகளை எடுத்துச் சொல்லிப் பார்த்தோம். ஆறு மாதத்தில் தன்னை மாடியேற்றுவதாக எழுதித் தரச் சொன்னான். எழுதித் தரப்பட்டது.

பூட்டும் கலைக்கு வருவோம். பெட்டிக்குள் கிடைக்கும் ஏட்டில் எழுத்தே கிடையாது; படங்களும் அம்புக்குறிகளும் மட்டும். எழுத்தில்லா நூலுக்கு உரை காண நமக்குக் கிடைத்த கருவி நன்னூல். பவணந்தி முனிவர் சொன்ன எட்டுப் பொருள்கோளில், ஏட்டை வரைந்தவர் மனத்தில் இருந்தது ஆற்றுநீர்: ஒன்று, இரண்டு, மூன்று என்று தடையின்றி ஓடுவது. கூடத்தில் நடப்பது கொண்டுகூட்டு: பாயில் கொட்டிக் கிடக்கும் பையிலிருந்து ஒரு போல்ட், சோபாவுக்கடியில் உருண்டோடிய நட்டு, தம்பியின் கையில் வாளாகிவிட்ட குறுக்குப் பட்டி. பதினோராம் படத்துக்கு வந்தபின் முதற்படத்துப் பலகை தலைகீழாக நிற்பது தெரியவரின், அளைமறிபாப்பு. குறுக்குப் பட்டிகள் மட்டுமே அடிமறிமாற்று. எதை எங்கே வைத்தாலும் பொருள் மாறாது. விற்பூட்டு எல்லாவற்றிலும் நுட்பமானது: முதல் போல்ட்டை முழுக்க முறுக்கிவிட்டால் கடைசி போல்ட் துளைக்குள் நுழையாது. எல்லாவற்றையும் அரைமுறுக்கில் நிறுத்தி, சட்டம் முழுவதும் எழுந்த பிறகே சுற்றிவந்து இறுக்க வேண்டும். ஆசாரிகள் ஏடு பார்க்காமலே இதைச் செய்கிறார்கள்.

உருளை நட்டுக்குத் தனி அதிகாரமே எழுதலாம். சட்டத்தின் பக்கவாட்டுத் துளையில் செருகும் சுண்டுவிரல் நுனியளவு இரும்பு உருளை அது. மரை இருப்பது அதன் குறுக்கே, கண்ணுக்குத் தெரியாத உள்பக்கத்தில். போல்ட்டை ஆலன் கீயால் சுற்றுகிறோம், சுற்றிக்கொண்டே இருக்கிறது, பிடிப்பதில்லை. உருளையின் முகத்தில் ஒரு கீறல் உண்டு. மரை எந்தத் திசையில் இருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. திருப்புளி நுனியால் அந்தக் கீறலைப் போல்ட் வரும் திசைக்கு நேராகத் திருப்பினால், டக்கென்று கவ்வும். ஏட்டில் இந்தக் கீறலை ஒரு மெல்லிய கோடாகப் போட்டிருக்கிறார்கள். அச்சுப் பிழை என்று உரைகாரர்கள் பலர் தள்ளிவிடுகிறார்கள். எல்லாம் முடிந்தபின் எஞ்சும் போல்ட்டுகளைக் கம்பராமாயணப் பதிப்பாசிரியர்கள் வழியில் ‘மிகை’ என்று தனியே தொகுத்து, பீரோவின் மேல் வைப்பது மரபு.

தன் கையால் பூட்டிய பொருளை மனிதர் கூடுதலாக மதிக்கிறார்கள் என்று நார்ட்டன், மோச்சோன், ஏரியலி ஆகிய மூவர் 2012இல் ‘ஐகியா விளைவு’ என்ற பெயரில் எழுதினார்கள். பூட்டி முடித்தால்தான் அந்த மதிப்பு, பாதியில் விட்டால் இல்லை என்பதும் அவர்கள் கண்டதே. நடுராத்திரியில் ஏணி மட்டும் பாக்கியாக நிற்கும் வீடுகளில் நிலவும் அமைதிக்கு இது போதுமான விளக்கம்.

பயன்பாட்டுக் காலத்தின் கண்டுபிடிப்புகள் எந்த அட்டவணையிலும் அடங்கவில்லை. ஒப்பந்தம் கையெழுத்தான அன்றே கீழ்த்தட்டைத் தம்பி துறந்தான். அக்காவும் அங்கே இறங்கவில்லை. காலியான கீழ்த்தட்டில், கொடியிலிருந்து எடுத்து இன்னும் மடிக்காத துணி குடியேறியது. சித்திரை பிறந்ததும் பிள்ளைகள் இருவரும் பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டின் ஒரே ஏசி இருக்கும் அறைக்குப் போய்விட்டார்கள். அங்கே இடமின்றி வெளியேறிய ஆய்வாளர் இப்போது கீழ்த்தட்டில் படுக்கிறார். 75 அங்குலத்தில் கால் நீளுகிறது. எழுந்து உட்கார்ந்தால்தான் தலை மேல்பட்டியில் இடிக்கிறது. சுவர் விசிறிக் காற்று நன்றாகவே வருகிறது. துணியை மடிப்பது யார் பொறுப்பு என்பதில் மட்டும் இல்லத்தரசியாருக்கும் ஆய்வாளருக்கும் கருத்து வேறுபாடு நீடிக்கிறது.